கிளினிக்குக்கு வராதவர்களையும் கணக்கில் எடுங்கள், தங்கச்சி

கேள்வி: யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். எங்கள் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குடியேற்றக் கிராமம். அம்மப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து இங்கே வந்தது. எனக்கு மாவட்ட ஒதுக்கீட்டில்தான் மருத்துவம் கிடைத்தது. அதைக் குத்திக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் வன்னிக்கே திரும்பி, எங்களைப் போன்ற சிறுபான்மை மக்களின் சுகாதாரத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வேலை செய்ய விரும்புகிறேன். நண்பர்களிடம் சொன்னால், "அது அரசியல், உனக்கேன்?" என்கிறார்கள். அம்மா, "நல்ல ஸ்பெஷலிஸ்டாகி வெளிநாடு போய்ச் சேர்" என்கிறா. நான் நினைப்பதற்கு ஒரு பாதை இருக்கிறதா? இப்போதே என்ன செய்யத் தொடங்கலாம்?

பதில்: அன்பான தங்கச்சி,

முதலில் அந்த ஒதுக்கீட்டுக் கதையை முடித்துவிடுவோம். அது உங்கள் மனதில் உறுத்திக்கொண்டு கிடப்பது கடிதத்தில் தெரிகிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் ஏன் இருக்கின்றன என்று உங்களைக் குத்திக் காட்டுபவர்களுக்கும் தெரியும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரங்களுக்குள் 'அ' எழுதத் தொடங்கிய தலைமுறை நீங்கள். ஏ.எல். படிக்கும்போது பௌதிகவியலுக்கு ஆசிரியர் வருவாரா என்று தவணைக்கணக்கில் காத்திருந்த பாடசாலைகளின் பிள்ளைகள். பீடத்துக்குள் வந்த பிறகு யாருக்கும் ஒதுக்கீடு கிடையாது. இறுதிப் பரீட்சை முடிந்ததும் எல்லா அரச மருத்துவ பீடங்களுக்கும் சேர்த்து ஒரே தரவரிசைதான் போடுவார்கள். அதில் மாவட்டம் பார்ப்பதில்லை. ஆகவே அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். படியுங்கள்.

அடுத்தது, "அது அரசியல்" என்ற பேச்சு. ஒரு வருத்தம் ஏன் ஓரிடத்தில் கூடுதலாக வருகிறது, வைத்தியம் ஏன் அதே இடத்தில் குறைவாகக் கிடைக்கிறது என்று கேட்பது வைத்தியருடைய வேலை. 1971இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றில் குடும்ப வைத்தியராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல வைத்தியம் எந்த மக்களுக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். அவர் சொன்னது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்து. துணுக்காய், கொக்கிளாய் போன்ற ஒதுக்குப்புற ஊர்களில் இருந்து ஒரு இருதய நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்துப் பார்த்தவருக்கு அது புதுச் செய்தி இல்லை.

எங்கள் வன்னியிலேயே உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். வவுனியாவில் வைத்தியராக இருந்த இராஜசுந்தரம், கட்டடக் கலைஞர் டேவிட்டுடன் சேர்ந்து காந்தியம் அமைப்பை நடத்தியவர். 1977க்குப் பிறகு மலையகத்தில் இருந்து அகதிகளாக வந்தவர்களை வன்னியில் குடியமர்த்தி, பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளிகளும் நடமாடும் மருத்துவ வசதியும் கிடைக்கச் செய்த அமைப்பு அது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் அவர் கொல்லப்பட்டார். உங்கள் அம்மப்பா தலைமுறை ஆட்களிடம் 'காந்தியம் டொக்டர்' என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் நினைக்கும் வேலை வன்னியில் ஏற்கனவே ஒரு வைத்தியர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை. அதை விளையாட்டு ஆசையாக யாரும் தள்ளிவிட முடியாது.

சிறுபான்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வட்டத்தை யாரைச் சுற்றி வரையப் போகிறீர்கள் என்பதில் மட்டும் கவனம். நாட்டுக்குள் தமிழர் சிறுபான்மை. வன்னித் தமிழருக்குள் காணி உறுதி இல்லாத மலையக வம்சாவளிக் குடும்பம் சிறுபான்மை. 1990இல் விரட்டப்பட்டு, பல வருடங்கள் கழித்து முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் திரும்பிய முஸ்லிம் குடும்பம் சிறுபான்மை. காலை இழந்தவர், தடுப்பில் இருந்து வந்தவர், கணவன் எங்கே என்று தெரியாமல் வீட்டைத் தனியாகக் கொண்டு நடத்துகிறவர் எல்லாம் தங்கள் ஊருக்குள்ளேயே ஓரத்தில் நிற்கிறார்கள். வெலிஓயாவில் சிறுநீரகம் பழுதாகிப் போன சிங்கள விவசாயியும் உங்கள் நோயாளிதான். அவரை விட்டுவிட்டுச் சமத்துவம் பேசினால் அதை நான் ஏற்க மாட்டேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இலங்கையின் இலவச சுகாதார சேவையை உலகமே பாராட்டுகிறது. குறைந்த செலவில் தாய் இறப்பையும் சிசு இறப்பையும் இந்த அளவுக்குக் குறைத்த நாடுகள் அதிகம் இல்லை. அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் தேசிய சராசரிக்குள் எங்கள் ஊர் எத்தனை வருடமாக இருக்கவில்லை என்பதைப் பாருங்கள். 1981க்குப் பிறகு நாடு முழுவதும் சரியாக நடந்த முதல் குடிசன மதிப்பீடு 2012இல்தான். 2001 மதிப்பீடு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. கர்ப்பிணித் தாய்மார், பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்கும் குடித்தொகை, சுகாதார அளவீடு 2006-07இல் நடந்தபோது வடமாகாணம் அதற்குள் இல்லை. 25 மாவட்டங்களும் அதில் முதல்முறையாகச் சேர்ந்தது 2016இல். அதுவரைக்கும் இந்த அளவீட்டை வைத்து "இலங்கைப் பிள்ளைகளில் இத்தனை வீதம் நிறை குறைவு" என்று பாடப்புத்தகத்தில் வந்த எண்ணுக்குள் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. எண்ணுக்குள் வராதவருக்கு வார்ட் கட்ட யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள்.

இப்போது மாவட்டம் எண்ணுக்குள் வந்துவிட்டது. ஆனால் மாவட்டச் சராசரிக்குள்ளும் இதே பிரச்சினை இருக்கிறது. கிளிநொச்சி என்று ஒரே எண்ணாகப் போட்டால், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்காரரும், மேட்டுக்காணியில் கூலிக்குப் போகும் உங்கள் ஊராரும் ஒன்றாகிவிடுவார்கள். இனம் பார்த்துப் பிரிக்கவும் முடியாது. உங்கள் ஊரைப் போன்ற இடங்களில் பலர் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று பதியாமல் 'இலங்கைத் தமிழர்' என்றே பதிந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். காணிப் பெர்மிட் இருக்கிறதா, நாட்கூலியா மாதச் சம்பளமா, கிளினிக்குக்கு எத்தனை பஸ், கிணறு சொந்தமா பொதுவா என்று கேளுங்கள். போருக்குப் பிறகு வீட்டுத்திட்டம் வந்தபோது காணிப் பத்திரம் இல்லாதவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டதை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். வீடு கிடைக்காதவருக்கு மலசலகூடமும் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம் என்று வரும் தாயிடம் கை கழுவுவதைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினால் பாதி வைத்தியம்தான் செய்திருக்கிறோம்.

சமுதாய மருத்துவத்தில் இத்தனை வருடம் இருந்த பிறகு எனக்குள் நிற்பது ஒரே கேள்வி: இன்றைக்கு வராதவர் யார்? ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்ப்பது வந்து சேர்ந்தவர்களை. ஏற்றத்தாழ்வு இருப்பது வராதவர்களிடம்.

ஒரு சீனி வருத்தக் கிளினிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கே வாங்கு நிறைந்துவிடும். ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் தன் கொப்பியை நீட்டுகிறார். பொலித்தீன் பையால் சுற்றி வைத்த கொப்பி, ஓரம் எல்லாம் சுருண்டிருக்கும். நடுவில் மூன்று மாதம் வெறுமையாக இருக்கிறது. டொக்டர் பேசுகிறார்: "அம்மா, குளிசையை ஒழுங்காகப் போடாவிட்டால் கால் போகும், தெரியுமா?" அம்மா தலையைக் குனிந்து கொள்கிறார். அந்த மூன்று மாதமும் நிலக்கடலை பிடுங்கும் காலம். ஒரு கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் கூலி போச்சு, போக்குவரத்துச் செலவு வேறு. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார். அந்த அம்மாவுக்கு மருந்தின் அருமை தெரியாமல் இல்லை. ஆனால் கொப்பியில் 'ஒழுங்காக வராதவர்' என்று விழுந்துவிடும். இதற்குத் தீர்வு பேச்சுக் கொடுப்பது இல்லை. சீனி கட்டுப்பாட்டில் நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு கிளினிக்கை ஊருக்குள் கொண்டு போகலாம். பின்னேரத்தில் வைக்கலாம். இந்த மூன்றையும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியும் ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரியும் மனம் வைத்து ஒன்றாக இருந்தால் பெரிய நிதி இல்லாமலே தொடங்கலாம்.

இன்னொன்று, பாடப்புத்தகத்தின் நோய் வரலாற்றுப் பட்டியலில் இல்லாத கேள்வி: "உடம்புக்குள் பீஸ் ஏதும் கிடக்கா?" வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய யாரையும் இதைக் கேட்காமல் விடாதீர்கள், முப்பதுகளில் இருப்பவர்களையும் கேளுங்கள். ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் அதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், பழகிவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க அனுப்பும்போது அந்த இரும்புத் துண்டு நகர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்ட கையோடு அவர்கள் வேறு கதைகளும் சொல்வார்கள். இருந்து கேளுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரியாத டொக்டர்மாரும் வேலை செய்கிறார்கள். பலர் நல்ல மனதோடு, தெரியாத ஊரில், வீட்டை விட்டுத் தனியாக இருந்து பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நடப்பது இதுதான். ஒரு அம்மா நித்திரை வராதது, நெஞ்சு படபடப்பது, மகனைத் தேடி அலைவது, இரவில் கால் விறைப்பது என்று நீளமாகச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் ஊழியர் அதைச் சிங்களத்தில் 'கால் நோவாம்' என்று முடித்துவிடுவார். பனடோலோடு அம்மா வீட்டுக்குப் போவார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் இருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய பிரஷர் கொப்பிகளில் அந்தப் போராட்டம் ஒரு வரியாகக்கூட இருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் சிங்களம் படியுங்கள். தமிழ் மக்களுக்கு வேலை செய்ய ஏன் சிங்களம் என்று கேட்காதீர்கள். கொழும்பில் சுகாதார அமைச்சின் கூட்டத்தில், ஒரு அம்புலன்ஸோ ஒரு மருத்துவமாது நியமனமோ எந்த ஊருக்குப் போகும் என்று முடிவாகும் நேரத்தில், உங்கள் ஊரின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுடைய மொழியிலேயே வாதாட ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எங்கள் பக்கம் குறைவு.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தோன்றினால் மலேரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். வன்னி என்றால் காய்ச்சல் என்று சொல்லிப் பயந்த காலம் உங்கள் அம்மாவுக்கே ஞாபகம் இருக்கும். 1999இல் நாட்டில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா. 2012 ஒக்டோபரோடு உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. இடையில் யுத்தமும் நடந்தது. அதற்குள்ளும் மருந்தடித்தார்கள், நுளம்பு வலை கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், ஆஸ்பத்திரி இல்லாத இடங்களுக்கு நடமாடும் கிளினிக் போய், காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தது. கடைசிக் குடிசையில் இருக்கும் கடைசிக் காய்ச்சல்காரரையும் கண்டுபிடிக்காவிட்டால் மலேரியா ஒழியாது. அதனால் தேடிப் போனார்கள். சீனிக்கும் பிரஷருக்கும் மனநோய்க்கும் அப்படித் தேடிப் போக எங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

சரி, பாதை. எம்.பி.பி.எஸ்., ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதன் பிறகு நியமனம். உள்ளகப் பயிற்சிக்கும் முதல் நியமனத்துக்கும் தரவரிசைப்படிதான் இடம் தெரிவு செய்வார்கள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சுகிறவை. அங்கே வருகிறவர்கள் இடமாற்றத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முன் வரிசையில் நின்றுகொண்டு நீங்களாக வன்னியைத் தெரிவு செய்தால் அது வேறு கதை. ஆகவே புள்ளிகளை அலட்சியம் செய்யாதீர்கள். மக்கள் சேவைக்குப் புள்ளி எதற்கு என்ற பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வன்னி மக்களுக்கும் கெட்டிக்கார டொக்டர் வேண்டும்.

அதன் பிறகு சுகாதார வைத்திய அதிகாரியாக ஒரு பிரிவைப் பொறுப்பெடுக்கலாம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய இந்த ஒழுங்குதான் இன்றைக்கும் எங்கள் நாட்டின் பலம். மருத்துவமாதுமாரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் உங்களோடு இருப்பார்கள், ஒரு பிரதேசத்தின் எல்லா வீடும் உங்கள் கணக்கில் வரும். மேற்படிப்பு என்றால் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகத்தில் சமுதாய மருத்துவத்தில் எம்.எஸ்.ஸி., எம்.டி. இருக்கின்றன. குடும்ப மருத்துவத்துக்கும் உண்டு. ஆனால் சமுதாய மருத்துவம்தான் செய்ய வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். வன்னிக்கு மனநல வைத்தியர் வேண்டும், சிறுநீரக வைத்தியர் வேண்டும். வவுனியா, செட்டிகுளம் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. எந்தத் துறைக்குப் போனாலும் வராதவர் யார் என்ற கேள்வியைக் கையோடு கொண்டு போங்கள்.

இப்போதே செய்யக்கூடியது இரண்டு. நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், "நான் மருத்துவ மாணவி, மருத்துவமாதுவோடு களத்துக்குப் போக விருப்பம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், ஸ்கூட்டியில் பின்னால் ஏறச் சொல்வார்கள். அவவின் பதிவேட்டைப் பாருங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தப் பிள்ளையின் நிறைக்கோடு கீழே இறங்குகிறது, எந்த வீட்டில் கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான், எந்த வீட்டுக்குப் போவதானால் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது அவவுக்குத் தெரியும். அதில் பாதி எந்தப் படிவத்திலும் இல்லை. வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பீடத்தில் படிக்கும் எந்தப் பாடத்தைவிடவும் அது குறைந்ததில்லை.

மற்றது, படிப்பின் பகுதியாகச் செய்ய வேண்டிய ஆய்வு. எல்லோரும் லகுவாக யாழ் போதனா வைத்தியசாலைக்கு வந்த நோயாளர்களையே எடுப்பார்கள். நீங்கள் உங்கள் பிரதேசத்தில் கிளினிக்கை இடையில் நிறுத்தியவர்களை எடுங்கள். பதிவேட்டில் பெயர் இருந்து ஆறு மாதமாக வராதவர்கள் யார், ஏன் வரவில்லை, அவர்களில் எத்தனை பேருக்குக் காணிப் பத்திரம் இல்லை, எத்தனை பேர் நாட்கூலி. சின்ன ஆய்வுதான், ஆனால் செய்தால் அந்தப் பிரதேசத்துக்கு உடனடியாகப் பயன்படும். ஒழுக்கவியல் குழுவின் அனுமதியும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் எடுக்காமல் ஒரு வீட்டு வாசலுக்கும் போகக் கூடாது. எங்கள் சனத்திடம் படிவம் நிரப்பியவர்கள் ஏராளம். முகாமில் நிரப்பினார்கள், மீள்குடியேற்றத்தில் நிரப்பினார்கள், திரும்பி வந்து என்ன கண்டார்கள் என்று சொன்னவர்கள் குறைவு. நீங்கள் முடிவு வந்ததும் சனசமூக நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ கூட்டி, தமிழில், படம் காட்டிச் சொல்ல வேண்டும். சண்டையில் யார் இறந்தார்கள் என்ற கதையை ஆய்வுக்காகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், தேவையானவரை மனநல வைத்திய அதிகாரியிடம் அனுப்ப வழி செய்துகொண்ட பிறகே களத்தில் இறங்குங்கள்.

அம்மாவின் விசயம். பிள்ளைகளோடு பங்கருக்குள் இருந்தவருக்குப் பாதுகாப்பு என்றால் இந்த நாட்டை விட்டுப் போவதுதான். அதை அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் போய்விட்டார்கள். போனவர்களை நான் பிழை சொல்லவில்லை, அவரவர் சுமை அவரவருக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். நிபுணத்துவப் பயிற்சிக்குள்ளேயே வெளிநாட்டுப் பயிற்சிக் காலம் இருக்கிறது. வன்னியில் வேலை செய்வதென்றால் வாழ்நாள் முழுக்கக் கஷ்டப் பிரதேச விடுதியில் கிடப்பது என்று இல்லை. அரச வேலை, ஓய்வூதியம், மதிப்பு எல்லாம் உண்டு. தனியாளாக எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கப் போவதாக அவவுக்குத் தோன்றினால் அந்தப் பயம் சரியானது. அப்படிச் செய்தவர்கள் ஓரிரு வருடத்தில் களைத்துப் போயிருக்கிறார்கள். ஆகவே உங்கள் பற்ச்சில் இதே எண்ணம் உள்ள இரண்டு பேரையாவது இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டக்களப்பாகவோ ஒருவர் ஹட்டனாகவோ இருந்தால் இன்னும் நல்லது.

ஆய்வு முன்மொழிவை ஒழுக்கவியல் குழுவுக்குக் கொடுக்க முன்னர் கேள்விக்கொத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். தமிழில் எழுதிய பிரதியையே அனுப்புங்கள். ஆங்கிலத்தை நீங்கள் பிறகு குழுவுக்காகச் செய்துகொள்ளலாம்.